நுண்நெகிழியா, நுண்ணெகிழியா?

மைக்ரோ பிளாஸ்ரிக் என்ற சொல் பத்திரிகை வழியாக வன்னிக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதற்கான தமிழ்தான் இன்னும் தடுமாறுகிறது. ஒரு செய்தியில் நுண்பிளாஸ்ரிக், இன்னொன்றில் நுண்நெகிழி, மற்றொன்றில் வெறும் பிளாஸ்ரிக் துகள்.

மூலச்சொல்லில் இருப்பவை இரண்டு கிரேக்க வேர்கள். 'மிக்ரோஸ்' என்றால் சிறியது. 'பிளாஸ்திகோஸ்' என்றால் குயவர் கையிலுள்ள மண்போலக் குழைத்து வனையத்தக்கது. 2004இல் பிரித்தானியக் கடலுயிரியலாளர் ரிச்சர்ட் தொம்சன் குழு வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இந்தச் சொல் உலகெங்கும் பரவியது. 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த பிளாஸ்ரிக் எல்லாம் இதற்குள் அடங்கும். கிட்டத்தட்ட ஒரு சம்பா அரிசி. நுண்ணுயிர் என்று சொல்லிப் பழகிய நாங்கள் 'நுண்' என்றதும் கண்ணுக்குத் தெரியாததை நினைத்துக்கொள்கிறோம். இதில் பெரியவற்றை மணலிலிருந்து விரலால் பொறுக்கலாம்.

'நெகிழி' வந்தது நெகிழ் என்ற வினையிலிருந்து: இளகு, தளர், வளைந்து கொடு. தமிழ்நாட்டில் அது பாடநூலுக்குள் போய்விட்டது. முல்லைத்தீவுக் கடையில் நெகிழிப் பை கேட்டுப் பாருங்கள், முதலாளி முழிப்பார். சொப்பிங் பை என்றால்தான் கை நீளும். இன்னொரு வேடிக்கை, பழைய அகராதிகளில் நெகிழி, ஞெகிழி என்றால் கொள்ளிக்கட்டை. யானை கலைக்கக் கொள்ளியோடு காவலிருந்த வன்னி விவசாயிக்கு அந்தப் பொருள்தான் சட்டென்று விளங்கியிருக்கும்.

புணர்ச்சிப்படி எழுதினால் தண் + நீர் தண்ணீர் ஆவதுபோல, நுண் + நெகிழி நுண்ணெகிழி ஆகும். இலக்கணம் சரி. ஆனால் வாசிப்பவர் 'எகிழி' என்று ஏதோ ஒன்று இருப்பதாக நினைத்துவிடுவார். செய்திக்கு நுண்நெகிழி என்று பிரித்து எழுதுவதே என் விருப்பம், புலவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

சொல்லுக்கும் பொருளுக்கும் ஒரு முரண் உண்டு. நெகிழி நெகிழ்ந்துகொண்டே இருந்தால் தூளாகாது. வெயிலின் புறஊதாக் கதிர் பட்டுப் பட்டு, நெகிழ்வு போய், மொறுமொறுத்த பிறகுதான் உடைகிறது. கரையில் கிடக்கும் பழைய றெஜிபோம் மீன்பெட்டியின் விளிம்பை விரலால் தட்டினால் வெள்ளை மணிகள் உதிரும். காற்று அவற்றை அலைவாய்க்கு உருட்டிப் போகும்.

இப்படி உடைந்து உண்டாவதை இரண்டாம் நிலை என்பார்கள். பிறக்கும்போதே சிறிதாக இருப்பது முதல்நிலை. அதற்கு உதாரணம் தேட நாங்கள் வெளிநாடு போகவேண்டியதில்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் ஏறத்தாழ 1680 தொன் பிளாஸ்ரிக் மூலமணிகள், அதாவது உருக்கிப் பொருள் வார்க்கும் மணிகள், இருந்தன. ஊறவைக்காத சவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள். சில நெருப்பில் கருகிக் கட்டியாகிக் கரையேறின. (கொள்ளிக்கட்டை ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியது. அடுத்த மாதம் மன்னார்க் கரையிலும் அதேபோன்ற மணிகள் ஒதுங்கின.

கப்பல் செய்தியாகிவிடுகிறது. மற்றவை ஆவதில்லை. ஏ9 வீதியில் தேயும் ரயர்த் தூளை மாரி மழை வாய்க்காலுக்குக் கழுவும். இரணைமடு தாண்டிப் போகும் கனகராயன் ஆறு முடிவது சுண்டிக்குளக் கடனீரேரியில். பொலியெஸ்டர் உடுப்புத் தோய்த்த தண்ணீரில் மெல்லிய இழைகள் போகும். மீன்பிடித் தொழிலுக்குள்ளேயே இருப்பது அதைவிடக் கிட்ட: அறுந்த தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலை, பொத்தும்போது வெட்டி எறியும் நுனி, மணலில் உரசி உரசி மயிர் கிளம்பிய கரைவலைக் கயிறு. முன்பு அந்தக் கயிறு தென்னந்தும்பு, வலை பருத்தி நூல். அவையும் உதிர்ந்தன, ஆனால் உக்கிப்போயின. நைலோன் உதிர்வது உக்காது, மென்மேலும் சிறிதாகும். மிதவையுயிரைத் தின்னும் சூடை, சாளை இதையும் சேர்த்து விழுங்கும். கருவாடாகும்போது குடலோடு காயும் சின்ன மீனை நாங்கள் முழுதாகத்தான் தின்கிறோம்.

ஆய்வறிக்கைகள் இந்த நூல் வடிவத் துண்டை 'இழை' என்கின்றன. வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயாவிடம் இதை விளக்கினேன். கயிற்றைத் தடவி, உள்ளங்கையில் ஒட்டிய நீலப் பிசிறைக் காட்டி, "இந்தத் தும்பைத்தானே தம்பி சொல்லுறீர்?" என்றார்.