லாரி உங்களுடையது, ஹாரன் யாருடையது?

யாராவது தாங்கள் செய்த கேமைப் பார்த்துச் சொல்லும்படி தந்தால், விளையாடிப் பார்க்கும் முன் லைசென்ஸ் ஃபைல், அதாவது எதை எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமக் குறிப்பு, இருக்கிறதா என்றுதான் தேடுவேன். பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் கொண்டுவருவதில் பெரும்பாலும் இருக்காது. கேட்டால், "கோடோலதான சார் செஞ்சோம், எல்லாம் ஓப்பன் சோர்ஸ்தான்" என்பார்கள்.

கோடோ என்பது கேம் செய்ய உதவும் மென்பொருள், அதாவது கேம் இன்ஜின். அது 2014 முதல் எம்ஐடி லைசென்ஸ் என்ற தாராளமான உரிமத்தில் கிடைக்கிறது. அதில் செய்த கேமை விற்கலாம், யாருக்கும் பங்கு தர வேண்டாம். அந்த உரிமக் குறிப்பைக் கேமுடன் சேர்த்தால் போதும். 2023 செப்டம்பரில், இன்னொரு கேம் இன்ஜினை வைத்திருக்கும் யூனிட்டி நிறுவனம், கேம் இன்ஸ்டால் ஆகும் கணக்கில் கட்டணம் என்று அறிவித்தபோது பலர் இந்தப் பக்கம் திரும்பியது இதனால்தான். (அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டார்கள், அது வேறு கதை.)

ஆனால் அந்த உரிமம் இன்ஜினுக்கு மட்டும். உள்ளே வைக்கும் படம், இசை, எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம். 0 ஏ.டி. என்ற கேம் முழுக்க ஓப்பன் சோர்ஸ். அதிலேயே கோட் (நிரல்) பெரும்பாலும் ஜிபிஎல் என்ற உரிமத்தில், ஓவியங்கள் சிசி (கிரியேட்டிவ் காமன்ஸ்) வகையில் சிசி-பை-எஸ்ஏ என்ற வேறோர் உரிமத்தில்.

அண்மையில் வாளையார் செக்போஸ்ட்டை வைத்து ஒரு லாரி கேம் வந்தது. நன்றாகவே செய்திருந்தார்கள். மரங்கள் சிசி0, எந்த நிபந்தனையும் கிடையாது, பிரச்சினை இல்லை. லாரிப் படம் கேம் படங்களைப் பகிரும் ஓப்பன்கேம்ஆர்ட் தளத்தில் எடுத்தது, சிசி-பை: வரைந்தவர் பெயரைப் போட்டாக வேண்டும், போடவில்லை. பின்னணி இசையில் என்சி என்ற நிபந்தனை, அதாவது வணிகத்துக்குக் கூடாது. இவர்களோ விளம்பரம் போடும் எண்ணத்தில் இருந்தார்கள். ஹாரன் ஏதோ யூடியூப் வீடியோவில் வெட்டியது. கேம் ஓடத் தொடங்கி நாலு பேர் பார்த்த பிறகுதான் இதற்கெல்லாம் புகார் வரும்.

கேமின் ஒரு பகுதிக்கான கோடை, கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் அப்படியே எடுத்திருந்தார்கள். அங்கே லைசென்ஸே இல்லை. கண்ணில் படுகிறது என்பதற்காக எடுத்துக்கொள்ள முடியாது. உரிமம் எழுதாத கோடின் உரிமை முழுக்க எழுதியவருக்குத்தான்.

தமிழ் எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு போதும், எழுத்துருக்களுக்கான திறந்த உரிமமான எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் உள்ளது. கோடோ 3 வேண்டாம், அதில் கொம்பு இடம் மாறி நிற்கும். 2023 மார்ச்சில் வந்த 4.0, எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் மென்பொருளின் துணையோடு அதைச் சரிசெய்துவிட்டது.

எதை இறக்கினாலும் அப்போதே கிரெடிட்ஸ் ஃபைலில் ஒரு வரி எழுதுங்கள்: பெயர், செய்தவர், எடுத்த இடம், உரிமம், நீங்கள் மாற்றியது என்ன. ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது. ஹாரனை நெடுஞ்சாலையில் நின்று போனிலேயே பதிவு செய்துகொள்ளச் சொன்னேன். அதைச் சிசி0வில் பொதுவில் ஏற்றவும் சொல்லியிருக்கிறேன். நம்ம ஊர் லாரிச் சத்தம் வேண்டும் என்று அடுத்துத் தேடுபவருக்கு உதவும்.