புற்றுநோய் ஊசி போட்டவருக்கு ஏன் சர்க்கரை வந்தது?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் மேல் வீட்டு மாமாவுக்கு நுரையீரல் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோதெரபி, அதாவது உடலின் எதிர்ப்புசக்தியையே புற்றுநோய் மீது ஏவிவிடும் மருந்து, ஏற்றிக்கொண்டு வருவார். முடி கொட்டவில்லை, வாந்தியும் இல்லை. நான்காவது தடவைக்குப் பிறகு திடீரென்று தாகம். தலைமாட்டில் இரண்டு லிட்டர் பாட்டிலை வைத்துக்கொண்டு படுப்பார், விடிவதற்குள் காலி. "பாம்பே வெயில்டா, வேற என்ன?" என்றார். நாலாம் நாள் மூச்சு வாங்கியபோது விரலில் குத்திப் பார்த்தோம். மீட்டரில் எண்ணே வரவில்லை, 'ஹை' என்று காட்டியது. பல மீட்டர்கள் 600-ஐத் தாண்டினால் அப்படித்தான் காட்டும். சர்க்கரை வியாதியே இல்லாத மனிதர்!

இன்னொரு வேடிக்கை: மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் பெரிதாக ஒன்றுமில்லை. சராசரி ஏறுவதற்குக்கூட அவகாசம் தராமல், சில நாட்களிலேயே எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

என்ன நடந்தது? நம் ரத்தத்தில் சுற்றி நோயை எதிர்க்கும் டி செல்களை அடுக்குமாடி சொசைட்டி வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகப்பட்டால் அடிப்பார். ஆனால் பிடி-எல்1 என்ற புரதத்தை அடையாள கார்டு மாதிரி நீட்டினால், தன் மேலுள்ள பிடி-1 வழியாக அதைப் பார்த்துவிட்டு அடங்கிப்போவார். புற்றுநோய் செல்கள் இந்த கார்டைக் காட்டித்தான் தப்பிக்கின்றன. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் பிடி-1-ஐ மூடிவிடும். இனி கார்டு செல்லாது. இப்படிப்பட்ட தடைகளைக் கண்டறிந்து விலக்கிக் காட்டியதற்குத்தான் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் நோபல்.

சிக்கல் என்னவென்றால், அதே கார்டை நம்பி வாழும் நல்ல குடித்தனக்காரர்களும் உண்டு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அப்படித்தான். கார்டு செல்லாமல் போனதும் அவையும் அடிபடுகின்றன. நூறில் ஒருவருக்கு நேரும் விஷயம் இது. நேர்ந்துவிட்டால் எதிர்ப்புசக்தியை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தும் பயனில்லை, செத்த செல்கள் திரும்புவதில்லை. மாமாவுக்கு இனி ஆயுள் முழுக்க இன்சுலின். தைராய்டு, குடல், நுரையீரல் என்று எங்கு வேண்டுமானாலும் இதே கதை நடக்கலாம். குடலிலும் நுரையீரலிலும் வந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டில் அடங்கும்.

எனக்கு உண்மையில் பயம் தருவது இதயம்தான். இது அரிது, ஆனால் இதயத் தசையே தாக்கப்பட்டால் உயிர் போகலாம். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் வரும். சிலருக்குக் கண் இமை தொங்குவதும் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவதும்தான் முதல் அறிகுறி. கண்ணுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். தாக்குதல் தசை மீது, அவ்வளவுதான். இதற்கு அன்றைக்கே அதிக அளவு ஸ்டீராய்டு தொடங்கவேண்டும்.

சிலருக்கு நரைத்த முடி கறுத்த கதையும் உண்டு. 2017-இல் பார்சிலோனா மருத்துவர்கள் அப்படி 14 நுரையீரல் புற்றுநோயாளிகளைப் பதிவு செய்தார்கள். மாமாவிடம் சொன்னேன். வழுக்கையைத் தடவிக்காட்டிச் சிரித்தார்.

எங்கள் ஊர் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையில், தலை-கழுத்துப் புற்றுநோய்க்கு வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாபை மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள், மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 16 சதவீதம், இதையும் சேர்த்துக்கொண்டவர்களில் 43. பிடி-1-ஐ மூட அவ்வளவு மருந்து தேவையில்லை என்பதுதான் சூட்சுமம்.

மூடியது சட்டென்று திறப்பதுமில்லை. சிகிச்சையை நிறுத்திப் பல மாதம் கழித்தும் புதிய பக்கவிளைவு தலைகாட்டலாம். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் தெரியட்டும் என்று மாமாவின் சட்டைப்பையில் இப்போது ஒரு சீட்டு இருக்கிறது. இந்தியிலும் மராத்தியிலும் மாமியே எழுதியது: "கீமோ இல்லை, இம்யூனோதெரபி."