பத்தியத்தில் பட்டினி கிடக்கும் புண்

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர் தையல் பிரிக்க வரும்போது, காயக்கட்டைத் தொடுவதற்கு முன் நான் கேட்பது என்ன சாப்பிடுகிறார் என்பதைத்தான். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என எந்த ஊர்க்காரராக இருந்தாலும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு இடியாப்பம். முட்டை ஆகாதாம். பருப்பு சேர்த்தால் சீழ் கோக்குமாம். மீனும் கோழியும் புண் ஆறிய பிறகுதானாம். ஊருக்கே விருந்து வைக்கத் தெரிந்த செட்டிநாட்டுச் சமையற்கட்டு, உடம்புக்குப் புரதம் மிகவும் தேவைப்படும் வாரங்களில் மட்டும் கையைச் சுருக்கிக்கொள்கிறது.

சீழ் பிடிப்பது கிருமியால், பருப்பால் அல்ல. யாருக்காவது கத்தரிக்காய் சாப்பிட்டால் அரிப்பு வருமென்றால் அவர் அதை ஒதுக்கட்டும், அதற்காக நான் மல்லுக்கு நிற்பதில்லை. ஆனால் புரதத்தை நிறுத்தினால் புண் ஆறுவதற்கான சரக்கே நின்றுபோகும். தையல் நூல் வெறும் பிடிமானம். வெட்டுப்பட்ட இடத்தை உண்மையில் இணைப்பது உடம்பு உண்டாக்கும் கொலாஜன் என்ற புரத இழை. அது உறுதிப்பட வைட்டமின் சி வேண்டும். கொய்யாவும் நெல்லிக்காயும் போதும், மாத்திரை தேட வேண்டியதில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. அறுபது கிலோ உள்ளவருக்கு நாளொன்றுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. ரசம் சாதத்தை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை எப்படி நேர்செய்வது? சைவம் சாப்பிடுபவர்கள் பருப்பு, சுண்டல், தயிர், பனீர் என்று ஒவ்வொரு வேளையும் சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோயோடு வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆச்சி ஒருவருக்குக் காயத்தின் ஒரு முனை பிரிந்துகொண்டது. உள்ளே பார்த்தால் அடிப்பகுதி வெளுத்துப்போய், மேலே மஞ்சளாக ஒரு படலம். வீட்டில் கடுமையான பத்தியம். பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த அதிரசத்துக்கு மட்டும் அதில் விலக்கு! இரத்தச் சர்க்கரை 180-ஐத் தாண்டி நின்றால் கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். இன்சுலினைச் சரிசெய்து, படலத்தை நீக்கி, முட்டையும் பாலும் கொடுக்கச் சொன்னோம். சில வாரங்களில் கோவைப்பழச் சிவப்பில் குறுணை குறுணையாகச் சதை எழும்பி வந்தது. நாங்கள் பார்க்க விரும்பும் நிறம் அதுதான்.

புகை பிடிப்பவர்களுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, புண்ணுக்குப் போகும் ஆக்சிஜன் குறைகிறது. வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் அதே நிக்கோட்டின்தான். நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சை என்றால் நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

மஞ்சள் பொடி, தேங்காய் எண்ணெய், முகப் பவுடர் எதையும் தையல் மேல் போடாதீர்கள். பொதுவாக 48 மணி நேரம் கழித்து, மருத்துவர் அனுமதித்தால், சுத்தமான தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம். ஊருணியில் இறங்கி முங்குவது காயம் முழுதாக மூடிய பிறகுதான்.

தையல் பிரித்த கையோடு தண்ணீர்க் குடத்தைத் தூக்குபவர்களும் இருக்கிறார்கள். மூன்று வாரத்தில் தழும்புக்கு இயல்பான தோலின் வலிமையில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். சில மாதங்கள் போனாலும் 80 சதவீதத்துக்கு மேல் வராது. வயிற்றைத் திறந்து செய்த அறுவை சிகிச்சை என்றால் குறைந்தது ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. இருமல் இருந்தால் உடனே சொல்லுங்கள். ஒவ்வொரு இருமலும் தையலை இழுக்கிறது.

முதல் சில நாட்களில் காயத்தைச் சுற்றி இலேசான சிவப்பும் வீக்கமும் இருப்பது இயல்பு. சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, வலி குறையாமல் கூடினாலோ, காய்ச்சல், சீழ், நாற்றம் தெரிந்தாலோ அன்றே வர வேண்டும். வயிற்றுக் காயத்திலிருந்து வெளிர் சிவப்பாகத் தண்ணீர் திடீரென்று கட்டை நனைத்தால், உள்தையல் விட்டுப்போனதன் முன்னறிகுறியாக அது இருக்கலாம். கட்டின் மேல் இன்னொரு கட்டைப் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். எதுவும் சாப்பிடாமல், இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.