காஃபீனுக்குத் தமிழில் என்ன?

மாலை 4 மணிக்கு ஒரு டம்ளர் ஃபில்டர் காப்பி குடித்தால் போதும், இரவு 1 மணி வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். என் பெரியப்பா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் டபராவில் ஆற்றி நிதானமாகக் குடிப்பார், பத்து நிமிடத்தில் குறட்டை வந்துவிடும். ஒரே டிகாக்‌ஷன், ஒரே குடும்பம். ஆளுக்கொரு விதமாக வேலை செய்யும் அந்தப் பொருள்தான் காஃபீன்.

சொல்லின் வேர் அரபியில் இருக்கிறது. அரபியில் கஹ்வா, துருக்கியில் கஹ்வே, ஐரோப்பாவுக்குள் நுழைந்ததும் கஃபே, காஃபி என்று திரிந்து நம்மிடம் காப்பியாக வந்தது. 1819-இல் ஜெர்மன் வேதியியலாளர் ரூங்கே, ஒரு செடிச் சாறு பூனையின் கண்மணியை விரியச் செய்வதைக் கவிஞர் கெதேவுக்குக் காட்டினார். அசந்துபோன கெதே, இதையும் ஆராய்ந்து பாருங்கள் என்று கொஞ்சம் காப்பிக்கொட்டையைக் கொடுத்தனுப்பினார். அதிலிருந்து ரூங்கே பிரித்தெடுத்ததுதான் காஃபீன். வாலில் இருக்கும் ‘ஈன்’ மார்ஃபீன், நிகோட்டீன் போன்ற ஆல்கலாய்டு எனப்படும் தாவரப் பொருள்களுக்கெல்லாம் பொதுவானது.

1827-இல் தேயிலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து அதற்குத் ‘தேயீன்’ என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். பத்துப் பதினோரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே! தேநீர்ப் பெயர் மறைந்தது, காப்பிப் பெயர் நிலைத்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? காப்பிக்குக் ‘கொட்டை வடிநீர்’, ‘குளம்பி’ என்றெல்லாம் சொல் படைத்தவர்கள் உண்டு. குளம்பியிலிருந்து ‘குளம்பியம்’ என்று உருவாக்கலாம். ஆனால் தேயிலையிலும் கோலாவிலும் இருக்கும் பொருளுக்குக் காப்பியை மட்டும் சுட்டும் பெயர் வைத்தால், ஐரோப்பியர் தடுக்கிய அதே இடத்தில் நாமும் தடுக்குவோம். ‘காப்பியம்’ என்று சுருக்கலாமா என்றால், அங்கே ஐம்பெருங்காப்பியங்கள் முன்பே குடியேறிவிட்டன. என் கணக்கில் காஃபீன் என்றே எழுதலாம். ஆய்த எழுத்து உறுத்தினால் ‘காப்பீன்’. காப்பியை நாம் அப்படித்தானே தமிழாக்கிக்கொண்டோம்?

இனி பெரியப்பாவின் குறட்டைக்கு வருவோம். விழித்திருக்கும் நேரத்தில் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேரச் சேரக் களைப்பு தட்டும். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, அடினோசின் உட்கார வேண்டிய ஏற்பிகளில் காஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு தெரிவதில்லை. ஓட்டக்காரருக்கும் சைக்கிள் வீரருக்கும் அதுதான் லாபம். உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம், போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்பு என்பது வழக்கமான அளவு. 60 கிலோ ஆளுக்குக் குறைந்தது 180 மில்லிகிராம். டிகாக்‌ஷன் நாளுக்கு நாள் மாறும் என்பதால் பலர் மாத்திரையை நாடுகிறார்கள்.

போட்ட துண்டை எடுப்பது கல்லீரல். அங்குள்ள ஒரு நொதியே பெரும்பாலான காஃபீனைச் சிதைக்கிறது. அந்த நொதியைச் செய்யும் மரபணுவின் பெயர் சிஒய்பி1ஏ2. மரபணு என்பதை இலங்கைப் பாடநூல்கள் ‘பரம்பரை அலகு’ என்கின்றன. அணு அல்லாத ஒன்றை அணு என்று சொல்லாத அந்தச் சொல்தான் எனக்குத் துல்லியமாகப் படுகிறது. ஆனால் வழக்கில் மரபணு வென்றுவிட்டது.

இந்த மரபணுவில் ஓரிடத்தில் ஏ அல்லது சி என்ற டிஎன்ஏ எழுத்து இருக்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஏ வந்தவர்கள் காஃபீனைச் சீக்கிரம் சிதைப்பார்கள், சி வந்தவர்கள் மெதுவாக. டொரண்டோ பல்கலைக்கழகத்தார் 101 ஆண் வீரர்களை 10 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்ட வைத்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். கிலோவுக்கு 4 மில்லிகிராம் எடுத்தபோது ஏஏ வகையினர் 6.8 சதவீதம் வேகமாக முடித்தார்கள். ஏசி வகையினருக்கு ஒரு மாற்றமும் இல்லை. சிசி வகையினருக்கோ 13.7 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது! ஆனால் இந்தச் சிசிக்காரர்கள் அதில் மிகச் சிலரே, பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதையே சொல்லவும் இல்லை. ஒரு மரபணுப் பரிசோதனைச் சீட்டை வைத்துக்கொண்டு காப்பியை விட்டுவிட வேண்டாம். அடினோசின் ஏற்பிக்கும் தனி மரபணு இருக்கிறது, பழக்கமும் சேர்ந்துகொள்ளும். புகைபிடித்தால் காஃபீன் சீக்கிரம் கரையும், கர்ப்பத்தில் வெகுநேரம் தங்கும்.

கடைசியாக ஒரு சொல் திருத்தம். காஃபீனை ‘ஊக்கமருந்து’ என்று எழுதுகிறார்கள். ஒரு காலத்தில் அது சரி. ஒலிம்பிக்கில் சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 12 மைக்ரோகிராமைத் தாண்டினால் வெளியேற்றினார்கள். 1988 சியோலில் ஆஸ்திரேலிய வீரர் அலெக்ஸ் வாட்சன் அப்படித்தான் வெளியேறினார், காப்பியும் கோலாவும் குடித்ததுதான் என்று அவர் வாதாடியும் பார்த்தார். 2004 ஜனவரி முதல் காஃபீன் தடைப் பட்டியலில் இல்லை, கண்காணிப்பில் மட்டும் இருக்கிறது. ஊக்கமருந்து என்றால் நம் செய்தித்தாள் தமிழில் தடைசெய்யப்பட்ட மருந்து என்றுதான் பொருள். எனவே காஃபீனை ‘ஊக்கி’ என்று எழுதுங்கள்.