டீமன்: பொடக்காளியில் நிற்கும் ஏவல்

சோமனூர்ப் பக்கம் இருக்கும் அக்கா மகன் போன வாரம் ஃபோனில் கூப்பிட்டான். "ஏனுங் மாமா, டாஸ்க் மேனேஜரைத் தொறந்தா நூத்துக்கு மேல என்னென்னமோ ஓடுதுங். அத்தனையும் டிசேபிள் பண்ணிப் போட்டா கேமு லேக் அடிக்காதுங்களா? லினக்ஸ்ல இதுகளுக்குப் பேரே பேய்ன்னு சொல்றாங்க."

முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் இரண்டாவதைத் தீர்த்துவிடத் தோன்றியது. பேய் என்று பேர் வைத்துவிட்டால் ஓட்டத்தான் தோன்றும். அவன் சொன்ன சொல் டீமன். சிலர் டேமன் என்றும் சொல்வார்கள். சிடி காலத்தில் கேம் ஆடியவர்களுக்கு டீமன் டூல்ஸ் என்ற பெயரில் பழக்கமாகியிருக்கும். முகவரி தப்பாகப் போட்ட மின்னஞ்சல் திரும்பி வரும்போது அனுப்புநர் இடத்தில் மெயிலர் டீமன் என்று நிற்பதையும் பார்த்திருப்பீர்கள்.

பொருள் எளிது. திரையில் ஜன்னல் எதுவும் திறக்காமல், யாரும் விசையைத் தட்டாமல், பின்னால் காத்துக்கிடந்து, தனக்கான வேலை வந்ததும் எழுந்து செய்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும் நிரல். யூனிக்ஸ், லினக்ஸ் பக்கம் இது டீமன். விண்டோஸில், 1993இல் வந்த என்டி காலத்திலிருந்து, சர்வீஸ்.

சொல் கணினிக்குள் வந்தது 1963இல். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிராஜெக்ட் மேக் என்ற கணினி ஆய்வுக் குழுவினர் ஐபிஎம் 7094 எந்திரத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, இயற்பியலில் இருந்து இந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழுவில் இருந்த ஃபெர்னாண்டோ கோர்பட்டோவே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். கோப்புகளைத் தானாகவே காந்த நாடாவில் நகலெடுத்து வைத்த நிரல்தான் முதல் டீமன் என்பதும் அவர் நினைவு. இயற்பியலில் அந்தப் பெயர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1867இல் ஒரு கடிதத்தில் எழுதிய கற்பனையைக் குறிக்கும். ஒரு பெட்டி, நடுவே தடுப்பு, தடுப்பில் சின்னக் கதவு. கதவருகே ஒரு குட்டி ஆசாமி உட்கார்ந்து, வேகமாக வரும் மூலக்கூறுகளை ஒருபுறமும் மெதுவாக வருவனவற்றை மறுபுறமும் பிரித்து அனுப்பிக்கொண்டே இருப்பான். அவனுக்கு டீமன் என்று பேர் வைத்தவர் கெல்வின் பிரபு, 1874இல். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பொருத்தி, ஏதோ நீண்ட பெயரின் சுருக்கம் என்று சிலர் சொல்வது பிறகு கட்டிய கதை.

இன்னும் பின்னால் போனால் கிரேக்கத்தின் டைமோன். பங்கிடுதல், வகுத்தல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அவரவர் பங்கை அவரவர்க்கு வகுத்துத் தரும் தெய்வசக்தி. இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் "பால்வரை தெய்வம்" என்று ஒரு தொடர் வரும். பால் என்றால் பகுதி, பங்கு. ஊழ் என்றும் பொருள். வரைதல் என்றால் வரையறுத்தல். வினைப்பயனை வகுத்துத் தரும் தெய்வம் என்றுதான் உரைகாரர்கள் விளக்குகிறார்கள். கிரேக்கச் சொல்லுக்கும் இதற்கும் உறவு இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. பங்கிடுவதையும் விதியையும் ஒரே சொல்லில் கட்ட இரண்டு ஊர்களுக்கும் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். எம்ஐடியில் அப்போது ஓடியதும் ஒரே எந்திரத்தின் நேரத்தைப் பல பேருக்குப் பங்கிட்டுத் தரும் முறைதான்.

டைமோனில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. கிறிஸ்தவம் பரவிய பிறகுதான் அது முழுக்கக் கெட்டதாகி டீமன் என்றாலே பிசாசு என்று நின்றது. நம் தோட்டங்காடுகளில் கன்னிமாரோடு நிற்கும் கருப்பராயனை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர் அருவாளையும் மீசையையும் பார்த்து மிரண்டு போவார். நமக்கோ, ராத்திரி தண்ணி கட்டப் போகும்போது அவர் நிற்பதுதான் தைரியம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சர்வீஸ் என்பதைச் சேவை என்று பெயர்ப்பது வழக்கம். தப்பில்லை. ஆனால் கோயம்புத்தூரில் சேவை என்றால் எலுமிச்சை சேவையா தேங்காய் சேவையா என்று கேட்பார்கள். (எங்கள் வீட்டில் அது சந்தகை.) பெருமாள் கோயிலில் சேவை என்றால் தரிசனம். பின்னணிச் செயலி என்று எழுதுவோரும் உண்டு. பின்னணி அருமையான சொல். திரையில் முகம் காட்டாமல் குரல் மட்டும் கொடுப்பவரைப் பின்னணிப் பாடகர் என்கிறோமே, அதே பொருள்தான் இங்கேயும். சிக்கல் செயலியில். ஆப்புக்கும் அதே சொல், பிராசஸருக்கும் அதே சொல். பின்னணிச் செயலியை நிறுத்து என்றால் எதை என்று ஒருவன் விழிக்கத்தான் செய்வான்.

என் தேர்வு ஏவல். ஏவலாள், ஏவல் செய்தல் என்று புழக்கத்தில் உள்ள சொல். இலக்கணத்தில் நட, வா, எடு என்பவை ஏவல் வினைகள். நிரலுக்கு நாம் கொடுப்பதும் அதே மாதிரியான கட்டளைதான். மந்திரவாதி கண்ணுக்குத் தெரியாமல் அனுப்பி வைப்பதற்கும் ஏவல் என்றே பேர் என்பதால், டீமனில் ஒட்டியிருக்கும் அந்த அமானுஷ்ய வாசனையும் விட்டுப்போகவில்லை. ஏவலர் என்றால் உயர்திணையாகிவிடும், நிரலுக்குப் பொருந்தாது. ஏவி என்றால் வேறொன்றைத் தொடங்கிவைக்கும் லாஞ்சர் ஆகிவிடும். பின்னணி ஏவல் என்றால் போதும். ஊர் வழக்கில் பொடக்காளி (கொல்லைப்புறம்) ஏவல் என்றாலும் எனக்குச் சம்மதமே. வீட்டு முன்வாசலில் கோலம் மட்டும்தான். பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது, விறகு அடுக்குவது எல்லாம் பொடக்காளியில்தானே நடக்கிறது?

இனி மாப்பிள்ளையின் முதல் கேள்வி. வரிசையாக ஓடுவதைப் பார்த்து அவன் பயந்ததில் பாதி, கணக்குக் காட்டும் முறையால் வந்த பயம். முன்பெல்லாம் எஸ்விசிஹோஸ்ட் என்ற ஒரே விண்டோஸ் நிரலுக்குள் பல ஏவல்கள் கூட்டாகக் குடியிருக்கும். 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் இருந்தால் பெரும்பாலானவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். கூட்டுக்குடும்பம் தனிக்குடித்தனம் போனதால் கதவு எண்தான் கூடியது. அதோடு, வேலை வராத ஏவல் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். தூங்குவதை எழுப்பித் துரத்தினால் கேமுக்கு எதுவும் மிச்சமாகாது.

எல்லோரும் முதலில் கை வைப்பது சிஸ்மெயின் என்ற ஏவல் மீது. விஸ்டாவில் சூப்பர்ஃபெட்ச் என்ற பேரில் வந்தது. நாம் அடிக்கடி திறப்பதை முன்கூட்டியே ரேமில் எடுத்து வைக்கும். ரேம் நிறைந்திருக்கிறதே என்று பதறுவார்கள். கேம் கேட்டால் அந்த இடம் உடனே விடுபட்டுவிடும். பழைய ஹார்டு டிஸ்க்கில் இது உதவும், எஸ்எஸ்டியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. தறிக்குடோனில் கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன் என்று தார் (ஊடைநூல் கண்டு) சுற்றும் மிஷினை நிறுத்தினால், தறி கொஞ்ச நேரம் ஓடும். தறியின் நாடாவில் இருக்கும் தார் தீர்ந்ததும் தறியும் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு முடக்குவதில் நடப்பது இதுதான்.

அதற்காக எதையும் தொடாதே என்று சொல்லமாட்டேன். கேம் ஓடும்போதே பின்னால் வீடியோ பிடித்துக்கொண்டிருக்கும் வசதி, ரெக்கார்டு தேவையில்லாதவனுக்கு வெறும் சுமை, அணைத்துவிடலாம். கம்ப்யூட்டர் ஆன் ஆனதுமே வரிசையில் வந்து நிற்கும் நாலைந்து லாஞ்சர்கள், விளக்கு வண்ணம் மாற்றும் மென்பொருள், இவற்றை ஸ்டார்ட்அப்பில் இருந்து நீக்கினால் பலன் கண்ணுக்கே தெரியும். மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு, சில கேம்களில் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே 2022இல் ஒப்புக்கொண்டது. ஆடும்போது அணைத்து, முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னது. நம்மில் யார் திரும்பப் போடுகிறோம்?

அப்டேட்டை மட்டும் முடக்கவே கூடாது. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் உலகத்தையே ஆட்டியபோது, அது நுழைந்த ஓட்டைக்கு மார்ச்சிலேயே அடைப்பு வந்திருந்தது. பெரும்பாலும் அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள். ஆட்டத்தின் நடுவே அப்டேட் குறுக்கிடுகிறது என்றால் கேம் மோடு இருக்கிறது. டிரைவர் நிறுவுவதையும் ரீஸ்டார்ட் அறிவிப்பையும் அது தள்ளிவைக்கும். சந்தேகமான ஏவலுக்கு டிசேபிள் போடாமல் மேனுவல் போடலாம். முன்னது கதவில் பூட்டு. பின்னது, கூப்பிட்டால் வா.

இவ்வளவும் சொல்லி முடித்து, ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் அவன் கேபினெட்டைத் திறந்தேன். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் மேல் தலையணைக்கு ஆகிற அளவு பஞ்சு. சூடு தாங்காமல் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. பெயின்ட் பிரஷ்ஷும் அரை மணி நேரமும் போதுமாக இருந்தது. ஒரு ஏவலையும் தொடவில்லை.

அவனுக்குச் சொல் பிடித்துவிட்டது. "மாமா, ஏவலெல்லாம் இனி அப்படியே இருக்கட்டுங்" என்று சத்தமாகச் சொன்னான். ஆசாரத்தில் உட்கார்ந்து வெங்காயம் தொலித்துக்கொண்டிருந்த அவன் அமுச்சி (அம்மாவின் அம்மா) நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஆருடா கண்ணு நம்மூட்டுக்கு ஏவல் உட்டது? கருப்பராயங் கோயலுக்கு ஒரெட்டுப் போயிட்டு வந்தர்லாமா?"