பாய் காட்டிக்கொடுத்த முகம்

சில வருடங்களுக்கு முன், நுண்கடனில் சிக்கிய பெண்களைப் பற்றிய அறிக்கை ஒன்றுக்குப் படம் எடுக்க மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்குப் போயிருந்தேன். முகம் தெரியக் கூடாது என்பதுதான் பேச்சு. ஓர் அக்கா திண்ணையில் பன் புல்லில் பாய் இழைத்துக்கொண்டிருந்தார். கழுத்துக்குக் கீழே மட்டும் எடுத்தேன்: மடி, விரல்கள், பாதி முடிந்த பாய். நல்ல படம்தான், எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அறிக்கை வந்து இரண்டாம் நாள் போன் வந்தது. "தம்பி, முகம் என்னத்துக்கு? என்ட பாயைப் பார்த்தே ஊர் புடிச்சிட்டு." ஊதாவும் பச்சையும் மாறி மாறி வரும் அந்தக் கரையை அங்கே அவர் ஒருவர்தான் போடுவாராம். கடன் கதை சம்பந்தி வீடு வரை போய்விட்டது.

பிழை என்னுடையது. நம் ஊர்களில் ஆளை அடையாளம் காண கேற், வேலி, சைக்கிள், கைத்தழும்பு ஏதாவது ஒன்று போதும். இப்போதெல்லாம் எடுத்த உடனே கமராத் திரையைக் காட்டி, "பக்கத்து வீட்டு மாமி பார்த்தால் கண்டுபிடிப்பாவா?" என்று கேட்கிறேன். முதலில் சிரிப்பார்கள். அப்புறம்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

முகத்தைப் பிறகு கணினியில் கலைத்துக்கொள்ளலாம் என்பவர்கள் உண்டு. சிறுவர்களைத் துன்புறுத்திய ஒருவன் தன் முகத்தைச் சுழல்போலக் கலைத்துப் படங்களை இணையத்தில் விட்டிருந்தான். ஜெர்மன் பொலிஸார் அந்தச் சுழலைத் திருப்பிச் சுற்றி முகத்தை எடுத்தார்கள், இன்டர்போல் அதை வெளியிட்டது, 2007 இல் தாய்லாந்தில் பிடிபட்டான். அவன் பிடிபட்டது நல்லது. ஆனால் நம் அக்காமாரின் முகத்தையும் யாரோ ஒருவர் அப்படித் திருப்பிப் பார்க்கலாம்.

ஆகவே மறைப்பதைப் படம் எடுக்கும்போதே மறைத்துவிட வேண்டும். ஆளை ஜன்னலுக்கு முன் இருத்தி, வெளி வெளிச்சத்துக்குக் கமராவைச் சரிசெய்தால் முகம் கறுப்பாகிவிடும். பக்கவாட்டில் மட்டும் திருப்பாதீர்கள், மூக்கே ஆளைச் சொல்லும். கமரா அப்படியே பதிந்துவைக்கும் ரோ (RAW) ஃபைலையும் கொடுக்காதீர்கள், அந்தக் கறுப்புக்குள் இருக்கும் முகத்தை இரண்டு நிமிடத்தில் வெளிச்சமாக்கலாம். போனில் எடுத்தால், எங்கே எடுத்தது என்று படத்தோடு பதியும் இடக்குறிப்பை நிறுத்திவிடுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் கழன்றுவிடும், டொகியூமென்டாக அனுப்பினால் கூடவே போகும்.

அந்த அக்கா இன்னும் என்னோடு பேசுகிறார். பாய் கேட்டால் தருவார். கமராவை எடுத்தால் மட்டும் உள்ளே போய்விடுவார்.