இரண்டாவது மருத்துவமனை அனுமதியை எங்கே எழுதுவது?

வலிப்பு, ஆஸ்துமா தாக்குதல், இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது எல்லாம் ஒருவருக்கு ஒரு தடவையோடு நிற்பதில்லை. ஆனாலும் பல ஆய்வுகள் முதல் நிகழ்வு வரையான காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடுகின்றன. ஐந்து முறை சேர்ந்தவரும் ஒரு முறை சேர்ந்தவரும் அங்கே ஒன்றுதான்.

எந்த மாடல் என்பது பிறகு. முதலில் அட்டவணை. 365 நாள் கண்காணிப்பில் ஒருவர் 40, 110, 300ஆம் நாட்களில் மருத்துவமனையில் அனுமதியானார் என்று வையுங்கள். அவருக்கு வரிசை மூன்றல்ல, நான்கு: 0–40, 40–110, 110–300 ஆகியவற்றில் நிகழ்வு 1 (நடந்தது), 300–365இல் 0 (நடக்கவில்லை). அடிக்கடி காணாமல் போவது இந்தக் கடைசி வரிசைதான். போனால் நிகழ்வில்லாத 65 நாட்களும் போய், வீதம் கூடுதலாகத் தெரியும். முதல் அனுமதியில் 7 நாள் படுக்கையில் இருந்திருந்தால் அடுத்த வரிசை 47இல் தொடங்க வேண்டும். உள்ளே இருப்பவர் மறுபடி அனுமதியாக முடியாது. தொடக்கமும் முடிவும் ஒரே நாளாக இருந்தால் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் ஓர் எச்சரிக்கையோடு அந்த வரிசையை விட்டுவிடும். அரை நாள் கூட்டி ஒட்டுப்போடுமுன் கேஸ் ஷீட்டைப் பாருங்கள்: அது வெறும் வார்டு மாற்றமாக இருக்கலாம்.

ஒரே ஆளின் வரிசைகள் ஒன்றையொன்று சார்ந்தவை. எல்லா நிகழ்வுகளையும் ஒரே வகையாகக் கொள்ளும் ஆண்டர்சன்–கில் மாடலில் (1982) நோயாளி எண்ணைக் கிளஸ்டராக, அதாவது ஒருவரின் வரிசைகளை ஒரே தொகுதியாகக் காட்டும் அடையாளமாக, கொடுக்காவிட்டால் திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு) பெரும்பாலும் சிறுத்து, இல்லாத விளைவும் இருப்பதாகத் தோன்றும். வெறும் எண்ணிக்கை போதுமென்றால், அது ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுவதைக் கணக்கில் கொள்ளும் நெகட்டிவ் பைனாமியல் மாடல் நல்லது. கண்காணிப்புக் காலத்தின் மடக்கையை ஆஃப்செட்டாக (மதிப்பிடாமல் அப்படியே சேர்க்கும் உறுப்பாக) வைக்க மறக்காதீர்கள்.

முதல் நிகழ்வு அடுத்ததன் வாய்ப்பையே மாற்றுமென்றால், நிகழ்வு எண்படி அடுக்கும் பிரென்டிஸ்–வில்லியம்ஸ்–பீட்டர்சன் மாடல் (1981) உண்டு. அதில் ஒரு பொறி: இரண்டாம் அடுக்கில் இருப்பவர்கள் முதல் நிகழ்வைச் சந்தித்தவர்கள் மட்டுமே. சிகிச்சைக் குழுக்களைக் குலுக்கல் முறையில் பிரித்ததால் கிடைத்த சமநிலை அங்கே தங்காது. நான்காம், ஐந்தாம் அடுக்குகளில் ஆளே மிஞ்சாது, சேர்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது இறப்பை, கண்காணிப்பிலிருந்து ஒருவர் சாதாரணமாக விலகியதாகக் குறிப்பது. நலிந்தவர்களைச் சீக்கிரம் கொல்லும் மருந்துகூட அனுமதிகளைக் குறைத்த மருந்தாகத் தெரியும். இறந்தவருக்கு அதன்பின் அனுமதி சுழியம் என்று கொள்ளும் கோஷ்–லின் முறையில் சராசரித் திரள் எண்ணிக்கையை (அந்தந்த நாள் வரை ஒருவருக்குச் சராசரியாக எத்தனை அனுமதி என்பதை) வரையுங்கள். அதிலும் அந்த மருந்து நல்லதாகவே தோன்றலாம். அதனால் பக்கத்திலேயே இறப்பு வளைவையும் வையுங்கள்.